நிறுத்திய காரில் கைத்துப்பாக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோத்தகிரி அருகே சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். தற்காப்புக்காக உரிமம் பெற்று 0.32 ரிவால்வர் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வேலையாக அடிக்கடி உதகைக்குச் செல்கிறேன். நீதிமன்றம், வங்கி, பேத்தியின் பள்ளி என ஆயுதத்துடன் நுழைய முடியாத இடங்கள் வழியில் வந்துவிடுகின்றன. அப்போது அதைக் காரிலேயே பூட்டி வைத்துவிட்டுச் செல்லலாமா? யார் கண்ணிலும் படாமலும், சட்டத்துக்கு உட்பட்டும் அதை எப்படி வைப்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோத்தகிரி

பதில்: முதலில் சட்டம் எதைப் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உங்கள் இடுப்பில் இருந்தாலும், பூட்டிய காருக்குள் இருந்தாலும், அது உங்கள் உடைமையில்தான் இருக்கிறது. 1972-இல் குன்வந்த்லால் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தெரிந்தே தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஆயுதம், அவர் கையில் நேரடியாக இல்லாதபோதும், அவருடைய உடைமையாகவே கருதப்படும் என்று விளக்கியிருக்கிறது. ஆகவே காரை விட்டு இறங்கி நடந்துவிட்டதால் உங்கள் பொறுப்பு ஒரு துளியும் குறைவதில்லை. அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் வசதிதான் குறைகிறது.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு இணைந்த உறையிலோ அதற்கு ஏற்ற பையிலோ முழுவதும் மறைத்து, எந்த நேரமும் தம் கட்டுப்பாட்டில் இருக்கும்படி எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது, ஆயுதத்தையும் தோட்டாக்களையும் பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழியும் கொடுத்திருப்பீர்கள். கார் என்பது கண்ணாடிச் சுவர் கொண்ட அறை. ஒரு கல்லும் அரை நிமிடமும் இருந்தால் அதைத் திறந்துவிடலாம். காரை ஆயுதம் வைக்கும் இடமாக நான் ஏற்கவில்லை. முன்கூட்டியே தெரிந்த வேலைக்காக நீதிமன்றத்துக்கோ பள்ளிக்கோ போகிறீர்கள் என்றால், அன்று துப்பாக்கியை வீட்டில் இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டுப் புறப்படுவதே முறை. உரிமம் ஆயுதத்தை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் அனுமதி தருகிறதே ஒழிய, நாள்தோறும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

பள்ளி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கல்வி நிறுவன வளாகத்துக்குள்ளும், திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கும் சிறப்பு அனுமதி இல்லாமல் ஆயுதம் கொண்டு செல்லக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. பேத்தியை அழைத்து வரப் பள்ளியின் கேட்டைத் தாண்டிக் காரை உள்ளே நிறுத்தினால், துப்பாக்கி டிக்கியில் பூட்டப்பட்டிருந்தாலும் அது வளாகத்துக்குள் வந்துவிட்டது. பேரகணியில் ஹெத்தையம்மன் விழாக் கூட்டத்துக்கோ, மே மாத மலர்க் கண்காட்சிக்கோ செல்லும்போதும் இதை மறக்கக் கூடாது. நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அதைவிடப் பெரிய இழப்பு, 17-ஆம் பிரிவின்கீழ் உரிமமே நிறுத்தி வைக்கப்படவோ ரத்து செய்யப்படவோ வழி திறந்துவிடுவதுதான்.

எதிர்பாராமல் ஓர் இடத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலையும் வரத்தான் செய்யும். வழியில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கலாம். அதற்காக, தடித்த எஃகால் ஆன சிறிய பூட்டுப் பெட்டி ஒன்றைக் காரில் நிரந்தரமாகப் பொருத்தி வையுங்கள். டிக்கியின் தரையில் போல்ட் போட்டு முடுக்குவது நல்லது. அது இயலாவிட்டால், முறுக்கிய எஃகுக் கம்பி வடத்தை இருக்கையின் இரும்புச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பெட்டியோடு பூட்டலாம். கட்டப்படாத பெட்டி, துப்பாக்கியைத் திருடனுக்கு வசதியாகப் பொதி கட்டிக் கொடுப்பதற்குச் சமம். டேஷ்போர்டு அறையும் இருக்கையின் அடிப்பகுதியும் திருடனின் கை முதலில் போகும் இடங்கள். அங்கே வைக்கவே வேண்டாம். சின்ன கார்களில் பின் இருக்கையைச் சாய்த்தால் டிக்கிக்குள் கை போய்விடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மலையில் இன்னும் ஓடும் தார்ப்பாய்க் கூரை ஜீப்பில் எந்தப் பெட்டி வைத்தாலும் பயனில்லை.

ரகசியம் காப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். சேரிங்கிராஸ் பக்கம் காரை நிறுத்திவிட்டு, சட்டையைத் தூக்கி உறையைக் கழற்றி, டிக்கியைத் திறந்து உள்ளே வைப்பதை நாலு பேர் பார்த்துவிட்டால், அதன்பின் எந்தப் பூட்டும் அந்தக் காரைக் காப்பாற்றாது. வண்டி நிறுத்துமிடம் வருவதற்கு முன்பே, ஆள் நடமாட்டம் இல்லாத, பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய இடத்தில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். துப்பாக்கியின் வாய் மனிதர் யாரும் இல்லாத திசையைப் பார்த்திருக்க, விரல் விசையில் படாமல், ரிவால்வரின் உருளையைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, எல்லா அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, உறையோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். தோட்டாக்களைத் தனியே மூடிய சிறு பையில் உங்களோடு எடுத்துச் செல்லலாம். ஆனால் நீதிமன்றம் போன்ற சோதனை உள்ள இடத்துக்குள் அவற்றோடும் நுழைய முடியாது என்பதால், அங்கே போவதாக இருந்தால் துப்பாக்கியோடு தோட்டாக்களும் வீட்டிலேயே இருக்கட்டும். நெரிசலான இடத்தில் அவசரமாகத் தோட்டாக்களைக் கழற்றவும் பூட்டவும் செய்வது விபத்துக்கு நேர்வழி.

பின் கண்ணாடியில் துப்பாக்கிப் படம், ரைபிள் கிளப் அடையாளம் போன்ற ஒட்டுத்தாள்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். கண்ணாடிகளை முழுவதும் ஏற்றுங்கள். சிம்ஸ் பூங்கா, தொட்டபெட்டா பக்கங்களில் விரல் அளவு இடைவெளி விட்டாலே குரங்கு கையை விட்டுப் பையை இழுத்துவிடும் என்பது உள்ளூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தாதீர்கள். சீசன் நேரத்தில் போக்குவரத்துக் காவலர்கள் வண்டியை இழுத்துச் சென்றுவிட்டால், உங்கள் துப்பாக்கி நீங்கள் அறியாத ஓர் இடத்தில், உங்கள் கட்டுப்பாட்டுக்கு முற்றிலும் வெளியே போய்விடும். இரவில் எக்காரணத்தைக் கொண்டும் காரில் விட வேண்டாம். தங்கும் விடுதியானாலும் அறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் காரை ஓட்டுநர்தான் ஓட்டுகிறார். நான் அலுவலகத்துக்குள் இருக்கும்போது அவர் காரில்தான் இருப்பார். அவர் காவல் இருப்பதால் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுச் செல்வது கூடுதல் பாதுகாப்புதானே?
வாசகர், குன்னூர்

பதில்: இல்லை. உங்களையும் அவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும் ஏற்பாடு அது. உரிமதாரரின் முன்னிலையிலோ, அவருடைய எழுத்து மூலமான அனுமதியுடனோ, பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரின் பயன்பாட்டுக்காக மற்றொருவர் ஆயுதத்தை எடுத்துச் செல்லலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. நீங்கள் மாடியில் கூட்டத்தில் இருக்க, அவர் வண்டியோடு டீக்கடைக்குப் போய்வருவது அந்தச் சலுகைக்குள் எளிதில் அடங்காது. உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தார் என்று அவர்மேல் வழக்கு வந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவரை அந்த ஆபத்தில் நிறுத்த உங்களுக்கு உரிமையில்லை.

பெட்டியின் சாவி கார்ச் சாவிக்கொத்தில் தொங்கக் கூடாது. எண் பூட்டானால் எண் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சர்வீஸுக்கு விடும்போதும், வாட்டர் வாஷுக்கு விடும்போதும், சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லும் கட்டண நிறுத்துமிடத்திலும், பெட்டி வெறுமையாக இருக்க வேண்டும்.

கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் பிளாஸ்டிக் பாட்டில்களைத் தேடி டிக்கியைத் திறக்கச் சொல்வது வழக்கம். ஆயுதம் இருந்தால், ஓட்டுநர் திறக்கும் முன் நீங்களே இறங்கி, கைகள் தெரியும்படி நின்று, உரிமம் பெற்ற ஆயுதம் பெட்டியில் இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறக்க வேண்டாம். 19-ஆம் பிரிவின்படி காவல் அதிகாரி உரிமத்தைக் கேட்கலாம். நகல் போதாது, அசலைக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: உதகையிலிருந்து கூடலூர், தெப்பக்காடு வழியாக மைசூரு செல்கிறேன். துப்பாக்கி டிக்கியில் பூட்டிய பெட்டியில் இருந்தால் போதுமா?
வாசகர், கூடலூர்

பதில்: போதாது. இரண்டு தடைகளைத் தனித்தனியே கடக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, உங்கள் உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்பது. உரிமத்தில் மாவட்டம், மாநிலம், இந்தியா முழுவதும் என ஏதாவது ஓர் எல்லை குறிப்பிடப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு கர்நாடக எல்லையைத் தாண்டினால், அங்கே உங்கள் ஆயுதம் உரிமமற்ற ஆயுதம்தான்.

மற்றது முதுமலை. 1940-இல் சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பொது நெடுஞ்சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடப்பவருக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம் என்கிறது. இதை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக வண்டியைக் கிளப்புகிறவர்கள் 31-ஆம் பிரிவைப் பார்ப்பதில்லை. தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் எவரும் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்பது அந்தப் பிரிவு. ஆயுதச் சட்ட உரிமம் இந்த அனுமதிக்கு ஈடாகாது. வன உயிரினச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் தோட்டாவும் அடங்கும் என்பதால், துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுத் தோட்டாப் பெட்டியைக் காரில் மறந்துவிட்டாலும் கேள்வி வரும். வனக் குற்றத்துக்குப் பயன்பட்டதாகக் கருதப்பட்டால் ஆயுதத்தோடு வண்டியும் பறிமுதல் ஆகும். கள்ள வேட்டையைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்திருக்கும் வனக்காவலரிடம், பூட்டிய பெட்டியைக் காட்டி உங்கள் நல்லெண்ணத்தை நிரூபிக்க முயல்வதைவிட, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் என்று வழியை மாற்றினாலும் அங்கும் புலிகள் காப்பகம் உண்டு என்பதை நினைத்து, இந்தப் பயணத்துக்குத் துப்பாக்கியை எடுக்காமலே போவது நல்லது.

சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் ஆயுத உரிமதாரர்கள் தங்கள் பெயரைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அதே வன உயிரினச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வீடு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: காரில் உள்ள பெட்டியில் சில மணி நேரமே இருந்தாலும் துப்பாக்கியில் பொட்டுப் பொட்டாகத் துரு பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், உதகை

பதில்: பனியில் குளிர்ந்த இரும்பு, நீங்கள் ஹீட்டரைப் போட்டதும் காரின் ஈரக்காற்றைத் தன்மேல் நீராகப் படியவைத்துக்கொள்கிறது. தோல் உறை அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து, காலி என்று உறுதி செய்து, உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகப் பூசி, பெட்டகத்தில் உறையில்லாமல் வையுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: பூட்டிய காரை உடைத்துத் துப்பாக்கியைத் திருடிவிட்டால், உரிமதாரரையே குற்றவாளி ஆக்குவார்களா? பயத்தில் சிலர் சொல்லாமல் விட்டுவிடுவதாகக் கேள்விப்படுகிறேன்.
வாசகர், கோத்தகிரி

பதில்: சொல்லாமல் விடுவதுதான் குற்றத்தை உறுதியாக்குகிறது. ஆயுதம் திருட்டுப் போனாலோ தொலைந்தாலோ உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. திருட்டுப் போன துப்பாக்கி நாளை ஒருவரின் நெஞ்சுக்கு நேராக நீளக்கூடும். அதைத் தேடத் தொடங்குவதில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஓர் உயிரைப் பறிக்கலாம். துப்பாக்கியின் வரிசை எண், தயாரிப்பு, உரிமத்தின் தனி அடையாள எண் ஆகியவற்றை எழுதி வீட்டில் வைத்திருங்கள். காரைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டுக் காவலரை வரவழையுங்கள். புகாரில் பெட்டி எப்படிப் பூட்டப்பட்டிருந்தது, எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி எழுதி, முதல் தகவல் அறிக்கையின் நகலுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். விசாரணையில் உங்கள் கவனம் எடைபோடப்படும். போல்ட் போட்ட எஃகுப் பெட்டிக்கும் இருக்கைக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டுக்கும் அங்கே நிறைய வேறுபாடு இருக்கும்.

கேள்வி: என் கணவர் சென்ற மாதம் காலமானார். அவருடைய காரின் டிக்கியில் பூட்டிய பெட்டியில் அவரது ரிவால்வர் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. எனக்கு உரிமம் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
வாசகி, கொடைக்கானல்

பதில்: உங்கள் துயரத்துக்கு என் ஆறுதல், அம்மா. உரிமம் அவர் பெயரில் இருந்ததால், அவர் மறைந்தபின் அந்த ஆயுதத்தை வீட்டில் எவரும் வைத்திருக்க முடியாது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். நீங்களே எடுத்துச் செல்ல வேண்டாம். காரையும் ஓட்ட வேண்டாம். பெட்டியைத் திறக்காமல், உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அதையே ஒரு கடிதமாகவும் எழுதிக் கொடுத்து, அவர்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. வாரிசுகளில் ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்குள் திண்டுக்கல் மாவட்ட ஆட்சியரிடம் தம் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்றுவிடலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கணவரின் அசல் உரிமம், ஒப்புகைச் சீட்டு ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். காவலர் வரும்வரை கார்ச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.