மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குக் காட்டு விலங்குகள் பற்றிய தகவல் படப்புத்தகத்தை எப்படி வாசித்துக் காட்டுவது?

முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. இது கதைப் புத்தகம் இல்லையே. குழந்தை கைவைக்கும் பக்கத்திலேயே தொடங்குங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விலங்கு போதும்.

வாசிக்கும் முன் படத்தை நிதானமாகப் பார்க்க விடுங்கள். "இது என்ன?" என்று பரீட்சை வைத்தால் பதில் ஒரு சொல்லோடு நின்றுவிடும். "இது என்ன பண்ணுதுன்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு, ஐந்து வினாடியாவது குறுக்கிடாமல் காத்திருங்கள். நீண்ட பத்திகளை விட்டுவிட்டு, படத்துக்குக் கீழுள்ள வரியை மட்டும் வாசித்தாலும் தவறில்லை.

பெரிய குழப்பம் அளவில்தான் வரும். தவளைக்கும் ஒரு முழுப் பக்கம், யானைக்கும் ஒரு முழுப் பக்கம் என்றால் பிள்ளைக்கு எப்படித் தெரியும், எது பெரியதென்று? பிறந்த ஒட்டகச்சிவிங்கிக் குட்டியே ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரம். அந்த நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டி, நுனி தரையைத் தொடும்படி சுவரில் ஒட்டி, பக்கத்தில் குழந்தையை நிறுத்துங்கள். அண்ணாந்து பார்க்கும்போது அந்த எண்ணுக்கு அர்த்தம் வந்துவிடும். தாயின் நாக்கு சுமார் 45 செ.மீ.; அதற்கும் ஒரு துண்டுக் கயிறு.

வேட்டைப் படம் வந்தால் சிங்கத்தைக் கெட்டவனாக்காதீர்கள். "சிங்கத்தால புல்லு தின்னு வாழ முடியாது, குட்டிகளுக்கும் இறைச்சிதான் சாப்பாடு" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பக்கத்தைக் கட்டாயப்படுத்தாமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் ஊகித்துச் சொல்ல வேண்டாம். புத்தகத்தின் கடைசியில் அகரவரிசைப் பட்டியல் இருந்தால், குழந்தையோடு சேர்ந்து அதில் தேடுங்கள்.