கசௌலியில் வீடு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. கோவையில் தொழில் செய்கிறேன். பொள்ளாச்சி அருகே பரம்பரைத் தென்னந்தோப்பும் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் கசௌலிக்குப் பக்கத்தில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு ஒரு சொகுசு வீடு விலைக்கு வருகிறது. நான் விவசாயி என்பதால் தடையில்லை என்றும், சிக்கல் வந்தால் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பதிந்து எனக்குப் பவர் எழுதி வாங்கித் தருவதாகவும் தரகர் சொல்கிறார். சீசனில் வாடகைக்கு விட்டால் எனக்கும் வருமானம், அந்த மாநிலத்துக்கும் நன்மைதானே? முன்பணம் கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். தரகர் காட்டிய இரண்டு வழிகளுமே சட்டத்தின் முன் நிற்காதவை.

அந்த மாநிலத்தின் 1972-ஆம் ஆண்டு குத்தகை மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, விவசாயி அல்லாதவருக்கு அரசின் அனுமதியின்றி நிலத்தைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. அச்சட்டம் சொல்லும் விவசாயி, இமாச்சலத்திலேயே நிலம் வைத்துத் தாமே பயிரிடுபவர். உங்கள் பொள்ளாச்சிப் பட்டாவுக்கு அங்கே மதிப்பில்லை. சிம்லாவில் தலைமுறைகளாகக் கடை நடத்தும் வணிகருங்கூட, விவசாய நிலம் இல்லாதவராக இருந்தால், அனுமதி பெற்றே மனை வாங்க முடியும். பினாமி பெயரில் வாங்குவதையும், பவர் எழுதி வெளியாளிடம் நிலத்தை ஒப்படைப்பதையும் அதே பிரிவு வெளிப்படையாகவே கைமாற்றத்தில் சேர்த்திருக்கிறது. அது தெரியவந்தால் நிலமும் வீடும் அரசுக்குப் போய்விடும். தெரியவராவிட்டாலும், பத்திரத்தில் பெயருள்ளவர் நாளை மனம் மாறினால் நீங்கள் எந்த நீதிமன்றத்தில் போய் என்ன உரிமையைக் கேட்பீர்கள்?

இந்தச் சட்டம் வெளியூர்க்காரர் மீதான வெறுப்பு என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1971 ஜனவரி 25-இல் இமாச்சலம் முழு மாநிலமானபோது, சமவெளியின் பணக்காரர்கள் மலை உழவரின் துண்டு நிலங்களை வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்ற அச்சம் முதலமைச்சர் பர்மாருக்கு இருந்தது. அந்த அச்சம் நியாயமானது. 2011 கணக்கெடுப்பின்படி பத்தில் ஒன்பது பேர் கிராமங்களில் வாழும் மாநிலம் அது. நிலப்பரப்பில் பெரும்பகுதி காடாகவும் பனிமலையாகவும் இருக்க, எஞ்சிய சரிவுகளில்தான் ஆப்பிளும் தக்காளியும் விளைகின்றன. பத்தி என்ற தொழில் நகரின் மருந்து ஆலைகளும் சத்லஜ் நதியின் நீர்மின் நிலையங்களும் வருவாய் தருகின்றன என்றாலும், ஒரு மலைக் குடும்பத்தின் கடைசிப் பிடிமானம் அதன் நிலமே. அதை விற்று வரும் பணம் ஒரு திருமணத்திலோ ஒரு மருத்துவச் செலவிலோ கரைந்துவிட்டால், அந்தக் குடும்பம் தன் சொந்தச் சரிவிலேயே அடுத்தவர் வீட்டுக்குக் காவல் இருக்கப் போக வேண்டியதுதான்.

ஆகவே, மாநிலத்துக்கு நன்மைதானே என்ற உங்கள் கேள்விக்கு என்னால் முழுமனத்துடன் ஆம் என்று சொல்ல முடியவில்லை. வீடு கட்டும் காலத்தில் கொத்தனாருக்கும் லாரிக்காரருக்கும் கூலி கிடைக்கும். பிறகு ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டால் ஊருக்குக் கிடைப்பது குறைவு, ஆனால் வந்து தங்கும் நாள்களில் அது கேட்கும் தண்ணீரோ அதிகம். 2018 கோடையில் சிம்லா நகரமே நாள் கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. வாடகைக் கணக்கையும் நம்ப வேண்டாம்: குடியிருக்க என்று வாங்கிய அனுமதியை வேறு பயனுக்குத் திருப்பினால், மேலே சொன்ன அதே தண்டனைக்கு இடம் உண்டு.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது மண். கசௌலியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத குமார்ஹட்டியில் 2019 ஜூலை மழையில் ஒரு பல மாடிக் கட்டடம் இடிந்து, 13 ராணுவத்தினர் உட்பட 14 பேர் இறந்தார்கள். 2023 ஆகஸ்டில் சிம்லாவின் சம்மர் ஹில்லில் ஒரு சிவன் கோயிலே மண்சரிவில் போனது. அதே மாதம் சோலன் போகும் நெடுஞ்சாலையும் பல இடங்களில் சரிந்தது. இப்படியே போனால் இமாச்சலமே காற்றில் கரைந்துவிடும் நாள் தொலைவில் இல்லை என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே எச்சரித்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை நிலைத்திருந்தால், நேர்வழி இருக்கிறது. குடியிருக்க வீடு வேண்டுவோர் துணை ஆணையர் (நம் ஊர் மாவட்ட ஆட்சியர் போன்றவர்) அலுவலகம் வழியாக 118-ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். மனைக்கு 500 சதுர மீட்டர் வரம்பு உண்டு. ஹிமுடா என்ற அரசு வீட்டுவசதி அமைப்பு விற்கும் வீடுகளுக்கு இந்த அனுமதி தேவையில்லை. தனியார் வீடென்றால் ரேரா என்ற வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவையும் கட்டட அனுமதியையும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் தரகர் அழைத்து வந்தவராக இருக்கக் கூடாது. நாளை நீங்கள் விற்கும்போதும் வாங்குபவர் அங்குள்ள விவசாயியாகவோ அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பதால், கோவையில் இடம் விற்பதுபோல் அவசரத்துக்கு அதைப் பணமாக்க முடியாது.

அதற்கு முன், வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கசௌலியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் துணைவியாருடன் தங்கிப் பாருங்கள். தண்ணீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, நெஞ்சுவலி என்றால் மழையில் சண்டிகர் மருத்துவமனைக்குப் போய்ச்சேர எத்தனை மணி நேரமாகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்கு மீண்டும் எழுதுங்கள்.