வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

போன சனிக்கிழமை பெரம்பலூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தது. அப்பா, அம்மா, இந்த வருடம் பி.இ. மெக்கானிக்கல் முடித்த மகள். அப்பா கையில் ஒரு நீல ஃபைல். உள்ளே இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ‘தொழில்முனைவு மேலாண்மை’ முதுகலைக்கு இடம் கிடைத்த கடிதம், ஏஜென்ட் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கு, அடியில் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ். கணக்கின் கடைசி வரி 31 லட்சம்.

“மச்சினன் அங்கேதான் சார் இருக்கான். ஒரு வருஷம் படிச்சா போதும், அப்புறம் வேலையைப் பிடிச்சிடலாம்கிறான். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் ஃபாரின் டிகிரின்னா ஒரு மதிப்பு” என்றார். கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஜெராக்ஸைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை.

மச்சினன் போன காலம் வேறு. பிரிட்டனில் படித்து முடித்தபின் தங்கி வேலை தேடும் 2 ஆண்டு அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதன்பின் வேலை விசாவுக்கான பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆனது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனாலும் பொதுவான மேலாண்மைப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதை எட்டுவது லேசில்லை. எட்டவில்லை என்றால் திரும்பி வருவது மகள்; கடன் கட்டுவது நீங்கள்.

அதுவரை அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. “நீ என்னம்மா நினைக்கிறே?” என்றேன். பதில் சொல்லாமல் போனை நீட்டினாள். சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் நறுக்க அவளே செய்த கருவி. பழைய லாரியின் வைப்பர் மோட்டார், இரண்டு பிளேடு, எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த சரிவு. வீடியோவில் நாலு வெங்காயம் ஒழுங்காக விழுகிறது, ஐந்தாவது சிக்கிக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கட்டைவிரலைப் பார்த்தேன். தாள் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்.

தொழில் செய்வது எப்படி என்று வகுப்பில் கேட்க 31 லட்சம் கட்டப் போகிறவள், தொழிலை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

ஐ.டி., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. அதற்கு ஊரே இருக்கிறது. யாரும் சொல்லாத வழி ஒன்றைச் சொல்கிறேன்.

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2016-ல் ‘நிதி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பணம் முதலில் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் உள்ள இன்குபேஷன் மையங்களுக்குப் போகும். குஞ்சு பொரிக்கும் பெட்டியின் பெயர்தான். வேலையும் ஏறக்குறைய அதுதான். அந்த மையங்கள் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். ஆகவே டெல்லிக்கு மனு எழுத வேண்டாம், மையத்தின் கதவைத் தட்டினால் போதும். கோயம்புத்தூர் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. ஸ்டெப் 1998-லிருந்து இயங்குகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ், வி.ஐ.டி. இங்கெல்லாமும் இன்குபேஷன் மையங்கள் உண்டு.

இதில் முதல் படி ‘நிதி ஈ.ஐ.ஆர்.’ (Entrepreneur-in-Residence) என்ற உதவித்தொகை. படித்து முடித்தவர் வேலைக்குப் போகாமல் தன் யோசனையில் முழு நேரமும் உட்கார, மாதம் அதிகபட்சம் 30,000 ரூபாய். பி.இ. போன்ற நாலு வருடப் படிப்பு முடித்தவர் நேரே கேட்கலாம். மூன்று வருடப் பட்டம் என்றால் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். இது கடன் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே இதையும் வாங்க முடியாது. இங்கிலாந்து இல்லையென்றால் மகள் போகலாம் என்று அம்மா சொன்ன சென்னைக் கம்பெனி வேலைக்குச் சம்பளம் 22,000. விடுதி வாடகை போக என்ன மிஞ்சும் என்று அவரே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது ‘பிரயாஸ்’. யோசனையைக் கையில் தொடக்கூடிய கருவியாக்க 10 லட்சம் வரை மானியம். வெறும் ஆப், சாஃப்ட்வேருக்கு இது கிடையாது. வைப்பர் மோட்டார் வைத்திருப்பவளுக்காகவே எழுதினதுபோல இருக்கிறது. மொத்தப் பணத்தையும் கையில் தந்துவிட மாட்டார்கள். இந்தக் கட்டம் முடிந்ததா, காட்டு, அடுத்த தவணை வாங்கிக்கொள் என்பதுதான் நடைமுறை. மூலப்பொருள், லேத் வேலை, சோதனை, காப்புரிமைச் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பு உண்டு, பில் வேண்டும். பில் இல்லாத ஒரு போல்ட் கூட கணக்கில் ஏறாது. இதைச் சொன்னபோது அவள் முகம் கொஞ்சம் வாடியது. வாடட்டும், தொழிலில் பாதி அதுதான்.

விவசாயக் கருவி என்பதால் இன்னொரு கதவும் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மையத்தில், விவசாயம் சார்ந்த புதுத் தொழில்களுக்கான மத்திய அரசின் ‘ராஃப்தார்’ திட்டம். இரண்டு மாதப் பயிற்சி, மாதம் 10,000 உதவித்தொகையோடு. யோசனை நிலையில் 5 லட்சம் வரை, கம்பெனி ஆனபின் 25 லட்சம் வரை மானியம் என்பது அதன் அமைப்பு.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. லால்குடி பக்கம் குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய் வரலாம். இப்படி ஒரு கருவி முன்பே வந்திருக்கிறதா, வந்திருந்தால் ஏன் களத்துக்கு வரவில்லை என்று அங்கே கேளுங்கள். தேர்வுக்குழு கேட்கும் முதல் கேள்வியே அதுதான். இரண்டாவது கேள்வி, உன் கருவியை யார் வாங்குவார்கள் என்பது. கல்லூரி நண்பர்கள் சொன்ன ‘சூப்பர்’ அங்கே செல்லாது. களத்தில் தாள் அறுக்கும் இருபது பெண்களிடம் போய், ஒரு மூட்டைக்கு எவ்வளவு நேரம், என்ன கூலி என்று நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். அவர்கள் பிழைப்பை இந்தக் கருவி என்ன செய்யும் என்பதையும் அவர்களிடமே கேட்கட்டும்.

பண விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கருவி தயாராகும் வரை வீட்டுப் பணம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான மாநில அரசின் ‘நீட்ஸ்’ (NEEDS) திட்டத்தைப் பற்றி யாராவது சொல்வார்கள். 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. நல்ல திட்டம், ஆனால் மீதிப் பணம் வங்கிக் கடன். 10 லட்சத்துக்குக் குறைந்த திட்டத்துக்கு அது கிடையவும் கிடையாது. ஐந்தாவது வெங்காயம் சிக்காத நாள் வரட்டும், அப்போது பார்க்கலாம். மானியம் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு என்று வருபவனுக்கு டீ கூட வாங்கித் தராதீர்கள்.

தேர்வாகாமல் போகலாம். தேர்வாகியும் கருவி ஓடாமல் போகலாம். அப்போது அவளுக்கு 23 வயது, கையில் ஒரு வருட அனுபவம், வீடு உங்கள் பெயரில்.

“மச்சினனுக்கு என்ன சொல்றது?” என்றார் அப்பா. ஏஜென்டுக்குக் கட்டிய முன்பணத்தை முதலில் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், மச்சினனிடம் அப்புறம் பேசலாம் என்றேன். அவள் அதற்குள் குமுளூருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று போனில் தேடிக்கொண்டிருந்தாள்.