ரிஸ்க் எடுப்பதும் ரிஸ்க்கில் இருப்பதும்

'ரிஸ்க்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில்.

டேஞ்சர், ஹஸார்ட், ரிஸ்க் மூன்றுக்கும் என் அகராதியில் 'ஆபத்து' என்றே இருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடலாமா? (ஈரோடு வாசகர்)

கூடாது. சமையலறைத் தரையில் ஒரு கரண்டி எண்ணெய் சிந்திக் கிடக்கிறது என்று வையுங்கள். அந்த எண்ணெய் ஹஸார்ட், அதாவது தீங்கு செய்யக்கூடிய பொருள். அதை மிதித்து வழுக்கி விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது ரிஸ்க். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஹஸார்ட் இருக்கிறது, வழுக்கி விழும் ரிஸ்க் இல்லை. எழுபது வயதுப் பாட்டி நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்து வரும் வீடென்றால் அதே எண்ணெயின் ரிஸ்க் பல மடங்கு. இளவட்டம் விழுந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். பாட்டி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். டேஞ்சர் என்பது பொதுச்சொல், கண்ணெதிரே நிற்கும் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே 'டேஞ்சர்' என்றுதான் எழுதுவார்கள்.

இந்த வேறுபாடு தெரியாமல் செய்தி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2015ஐப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. உடனே 'சாசேஜ் சாப்பிடுவது சிகரெட் பிடிப்பதற்குச் சமம்' என்கிற மாதிரி தலைப்புகள் வந்தன. அந்தப் பிரிவு ஹஸார்டைப் பற்றியது. புற்றுநோய் வரவைக்கும் என்பதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதி என்று மட்டுமே அது சொல்கிறது. எத்தனை பேருக்கு வரும் என்பது ரிஸ்க். அதில் புகையிலைக்குப் பக்கத்தில் இறைச்சி நிற்கவே முடியாது.

தமிழில் 'இடர்' என்று எழுதுகிறோம். நல்ல சொல்தான், ஆனால் 'பேரிடர்' என்று பழகிவிட்டதால் நடந்து முடிந்த தீங்கின் சாயல் அதில் ஏறிவிட்டது. பொருள் தெளிவாக வேண்டிய இடத்தில் 'தீங்கு நேரும் வாய்ப்பு' என்று விரித்தே எழுதுங்கள்.

'ஐ கேனாட் ரிஸ்க் டு லூஸ் மை ஜாப்' என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

ரிஸ்க் வினைச்சொல்லாக வரும்போது அதன் பின்னால் 'டு' சேர்ந்த வினை வராது, 'இங்' வடிவம்தான் வரும். 'ஐ கேனாட் ரிஸ்க் லூஸிங் மை ஜாப்' என்பதே சரி.

இந்த வினையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோரும் அகராதியியலாளர் ஆட்கின்ஸும் 1992இல் இந்த ஒரு சொல்லையே எடுத்து அலசினார்கள். அதன் செயப்படுபொருள் மூன்று விதமாக வரும் என்று காட்டினார்கள். 'ஹி ரிஸ்க்ட் ஹிஸ் லைஃப்' என்றால் பின்னால் வரும் உயிர், அவன் இழக்கக்கூடிய பொருள். 'ஹி ரிஸ்க்ட் டெத்' என்றால் வரும் சாவு, அவனுக்கு நேரக்கூடிய தீங்கு. உயிரும் சாவும் எதிரெதிர், ஆனாலும் இரண்டு வாக்கியமும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கின்றன! மூன்றாவது, 'ஹி ரிஸ்க்ட் கோயிங் அவுட்'. இங்கே வெளியே போவது அவன் துணிந்து செய்த செயல். ஆகவே 'ரிஸ்க்ட்' என்பதைக் கண்டதும் 'பணயம் வைத்தான்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பின்னால் நிற்பது பொருளா, தீங்கா, செயலா என்று பார்த்து 'பணயம் வைத்தான்', 'நேர்ந்தாலும் நேரட்டும் என்றிருந்தான்', 'துணிந்து செய்தான்' என்று மாற்றுங்கள்.

'டேக் எ ரிஸ்க்', 'ரன் எ ரிஸ்க்' இரண்டும் ஒன்றுதானே? (மதுரை வாசகர்)

நெருங்கியவை, ஒன்றல்ல. தெரிந்தே, ஏதோ ஒரு பலனை எண்ணித் துணிவது 'டேக்'. நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த நிலையில் இருப்பது 'ரன்'. தட்டம்மைத் தடுப்பூசி போடாத குழந்தை 'ரன்ஸ் தி ரிஸ்க் ஆஃப் மீஸில்ஸ்'. அந்தக் குழந்தையை 'டேக்ஸ் எ ரிஸ்க்' என்று சொல்ல முடியாது; ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்த பெற்றோரைச் சொல்லலாம். நாம் தமிழ்ப் பேச்சில் 'ரிஸ்க் எடுக்கிறது' ஒன்றை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம், அதனால்தான் இந்தக் குழப்பம். குழந்தையின் நிலையை 'அட் ரிஸ்க்' என்றும் சொல்லலாம்.

முன்னிடைச்சொற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஆஃப்' போட்டால் என்ன தீங்கு, 'டு' போட்டால் யாருக்கு, 'ஃப்ரம்' போட்டால் எதனால். 'ஃபயர் ரிஸ்க்' தீப்பிடிக்கும் வாய்ப்பு. ஜாமீன் செய்திகளில் வரும் 'ஃப்ளைட் ரிஸ்க்'கில் விமானம் எதுவும் இல்லை, தப்பி ஓடக்கூடிய ஆள் என்று பொருள்.

அக்கா மகளுக்குக் கர்ப்பத்தின் 12ஆம் வாரத்தில் எடுத்த பரிசோதனை ரிப்போர்ட்டில் டவுன் சிண்ட்ரோம் 'ஹை ரிஸ்க் 1:180' என்று வந்திருக்கிறது. வீடே அழுகிறது. என்ன அர்த்தம்? (திண்டுக்கல் வாசகி)

அழ வேண்டாம், முதலில் அந்த எண்ணைப் படியுங்கள். இதே முடிவு வந்த 180 தாய்மாரை நிறுத்தினால் அவர்களில் ஒருவருடைய குழந்தைக்கு அந்த நிலை (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவி நிலை) இருக்கலாம், 179 பேருடைய குழந்தைகளுக்கு இருக்காது. சதவீதத்தில் ஒன்றுக்கும் குறைவு, சுமார் 0.56. இது நோய் கண்டுபிடித்த ரிப்போர்ட் அல்ல, வடிகட்டும் பரிசோதனை. பல லேப்களில் 1:250ஐ எல்லைக்கோடாக வைக்கிறார்கள். 1:240 வந்தால் 'ஹை', 1:260 வந்தால் 'லோ' என்று அச்சாகும். முன்னது ஆயிரத்துக்கு 4.2, பின்னது 3.8. இந்தச் சின்ன இடைவெளிக்குத்தான் சிவப்பு மையும் பச்சை மையும்.

'ஹை' என்ற சொல்லுக்கு இங்கே ஒரே பொருள்தான்: அடுத்த பரிசோதனை தேவை. தாயின் ரத்தத்திலிருந்தே செய்யும் என்ஐபிடி இன்னும் நுணுக்கமானது, ஆனால் அதுவும் வடிகட்டுவதே. உறுதி சொல்வது பனிக்குட நீர்ப் பரிசோதனை. பொதுவாக 15 வாரத்துக்குப் பிறகு செய்வார்கள். அதைவிட முன்பே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் முறையும் உண்டு. எது பொருத்தம் என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

இனி எங்கே 'ரிஸ்க் இரு மடங்கு' என்று படித்தாலும் 'எத்தனையிலிருந்து எத்தனை?' என்று கேளுங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ரிஸ்க் இரு மடங்காகும் என்று எச்சரிக்கை வந்தது. 7,000 பேரில் ஒருவர் என்றிருந்தது இருவராகும் என்பதே அதன் பொருள். அதைச் சொல்லாமல் விட்டதால் பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. ஒரு சொல்லை எண் இல்லாமல் எழுதியதற்கு இவ்வளவு விலை.

'பார்க்கிங் அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று போர்டு வைத்துவிட்டால் வண்டி தொலைந்தால் கேட்கவே முடியாதா? (சென்னை வாசகர்)

இங்கே ரிஸ்க் என்றால் ஆபத்து இல்லை, 'நஷ்டம் யார் தலையில்' என்பது. வணிகச் சட்டம் முழுக்க இந்தப் பொருள்தான். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சரக்கின் உரிமை வாங்குபவருக்கு மாறும் வரை ரிஸ்க் விற்பவருடையது.

ரயிலில் பார்சல், சரக்கு அனுப்புகிறவர்கள் ரசீதைக் கவனியுங்கள். 'ஓனர்ஸ் ரிஸ்க்' கட்டணம் குறைவு, 'ரயில்வே ரிஸ்க்' கட்டணம் கூடுதல். முதல் வகையில் அனுப்பிச் சரக்கு சேதமானால், ரயில்வேயின் கவனக்குறைவையோ முறைகேட்டையோ நிரூபித்தால்தான் நஷ்டஈடு, 1989 ரயில்வே சட்டத்தின் 97ஆம் பிரிவுப்படி.

போர்டு எல்லாவற்றையும் துடைத்துவிடாது. 1998இல் டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் சாவியை ஊழியரிடம் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது: வண்டியைத் தன் வசம் வாங்கிக்கொண்ட ஹோட்டல், தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கு 'ஓனர்ஸ் ரிஸ்க்' வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது. ஆகவே சாவியைக் கொடுத்தீர்களா, நீங்களே நிறுத்திப் பூட்டினீர்களா என்பது முக்கியம். கொடுத்தால் டோக்கனைப் பத்திரமாக வையுங்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? (சேலம் வாசகர்)

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது; பிரெஞ்சுக்கு இத்தாலியிலிருந்து. கப்பலில் ஏற்றிய சரக்கு கரை சேருமா என்ற கடல் வணிகக் கவலையோடு நெருங்கிப் புழங்கிய சொல். காப்பீட்டுக்காரர்கள் இன்றும் காப்பீடு செய்யும் கட்டடத்தையோ ஆளையோகூட 'எ குட் ரிஸ்க்', 'எ பேட் ரிஸ்க்' என்பார்கள். தொடக்கத்தில் பிரெஞ்சு எழுத்துப்படி 'க்யூ' போட்டு எழுதினார்கள். அந்த எழுத்தோடு இன்றும் ஆங்கிலத்தில் வழங்கும் 'ரிஸ்கே' தனிச்சொல்; கொஞ்சம் விரசமான பேச்சு, உடை என்று பொருள். அலுவலகக் கடிதத்தில் 'ரிஸ்கி' என்று எழுத நினைத்து அதை எழுதிவிடாதீர்கள்.