மாமியாருக்குக் கை கொடுப்பது யார்?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 34. மடிப்பாக்கத்தில் முதல் மாடி ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். எட்டு மாதமாக வீட்டிலேயே டே கேர் நடத்துகிறேன். ஆறு குழந்தைகள் வருகின்றன, அதில் இரண்டு கைக்குழந்தைகள். பெற்றோர் எல்லோரும் ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கிறவர்கள். ஒரு குழந்தைக்கு மாதம் 7,000 ரூபாய் வாங்குகிறேன். இதை முறையாகப் படித்துச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குழந்தைப் பராமரிப்பு டிப்ளமோவும் சேர்ந்திருக்கிறேன். மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். குழந்தைகள் தூங்குகிற நேரம்தான், மாமியார் பார்த்துக்கொள்வார். அவருக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும், மற்றபடி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போனால் மூன்று குழந்தைகள் வரும், அன்றும் அவர்தான். ஆனால் இரண்டு மாதமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பாத்திரத்தை டமார் என்று வைக்கிறார். கணவரோ இரண்டில் ஒன்றை விடு என்கிறார். டிசம்பரில் தேர்வு வருகிறது. நான் எதை விடுவது? மாமியாரை எப்படிச் சமாளிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அன்பு மகளுக்கு,

எதை விடுவது என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே படிக்கவும் செய்கிற பெண்கள் தாம்பரத்திலிருந்தும் போரூரிலிருந்தும் எனக்கு நிறையவே எழுதுகிறார்கள். நேரம் போதவில்லை, வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்பதுதான் எல்லோருடைய குறையும். உன் கடிதத்தையும் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். மாமியார் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அவர் எங்கே இருப்பார்? கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்து, பக்கத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். தவழுகிற குழந்தை ஒன்று முழித்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போகிறது. மடிப்பாக்கத்தில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு எது? அந்த வயதில் உடம்பைவிடத் தலைதான் பாரம். பக்கெட் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக மீண்டு வர முடியாது. சில அங்குலத் தண்ணீர் போதும். சத்தம்கூட வராது. அந்த நேரத்தில் உன் மாமியாருக்குக் கை கொடுத்து எழுப்பிவிட அந்தக் கூடத்தில் யார் இருக்கிறார்கள்? மூன்று வயதுப் பிள்ளையா?

தூங்குகிற நேரம்தான் என்று எழுதியிருக்கிறாய். கைக்குழந்தையைத் தூக்கத்தில்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தலையணையோ மெத்து மெத்தென்ற போர்வையோ முகத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. குப்புறப் புரண்டு முகம் புதைந்தால் திருப்பிவிட ஒரு கை உடனே வர வேண்டும். தூளி கட்டியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு கண் வேண்டும். முழித்த குழந்தை அதற்குள் எழுந்து உட்கார்ந்தால் அப்படியே தலைகீழாக வந்துவிடும். பெரிய பிள்ளைகள் புடவையைப் பிடித்து ஊஞ்சலாடுவார்கள். இதெல்லாம் படிப்பில்லாமலே உனக்குத் தெரியும், நீயும் பெண்தான், வீட்டில் வளர்ந்தவள்தான். தெரிந்தும் கதவைச் சாத்தியிருக்கிறாய் என்பதுதான் என் கோபம்.

2013-ஆம் ஆண்டின் தேசிய மழலைப் பருவக் கொள்கையில், மூன்று வயதுக்கு உட்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று இருக்கிறதே, என்னிடம் ஆறுதானே என்று நீ கேட்கலாம். அந்த ஒரு பெரியவர், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓடக்கூடியவராக இருக்க வேண்டாமா? கைக்குழந்தை விஷயத்தில் அந்தக் கணக்கே எனக்கு ஏற்பில்லை. அவசரமென்றால் ஒரு ஆள் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க முடியும்? இரண்டு. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனதைத் தமிழ்நாட்டில் பிள்ளை வளர்க்கிற எவரும் மறக்கக் கூடாது. பிள்ளைகளை மாடியில் வைத்திருப்பவள் நீ. உன் மாமியார் தான் ஒருத்தி படி இறங்கவே கைப்பிடியைப் பிடிப்பவராகத்தான் இருப்பார்.

இப்போது அந்தக் குழந்தைகளின் அம்மாக்களை நினைத்துப் பார். 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி 26 வாரம் விடுமுறை கொடுத்தார்கள். அது முடிந்ததும் ஆறு, ஏழு மாதக் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதே திருத்தத்தில், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் இருக்கிறது. உன்னிடம் குழந்தையை விடுகிறவளுக்கு அந்த நான்கு முறை இல்லை. காலையில் உன் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள், இரவு துரைப்பாக்கம் நெரிசலில் மாட்டி வந்து உன் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள். இடையில் இரண்டரை மணி நேரம் குழந்தை உன் பொறுப்பில் இல்லை என்று அவளுக்குத் தெரியுமா? நீ சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் கடிதத்தில் அதையும் எழுதியிருப்பாய்.

சரி, மாமியாருக்கு வருகிறேன். அவரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறாய். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. மாதம் 42,000 ரூபாய் வருகிறது. அதில் அவர் கையில் எவ்வளவு கொடுக்கிறாய் என்றும் இல்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். உன் வீட்டில் மதியம் ஊரான் பிள்ளையைப் பார்ப்பது அவர், கூலி வாங்குவது நீ. பேரப்பிள்ளையைப் பார்ப்பது பாட்டிக்கு உரிமை, சந்தோஷம். அடுத்தவர் பிள்ளைகள் ஆறு பேரைப் பார்ப்பது வேலை. அதிலும், தன்னால் ஓட முடியாது என்று தெரிந்துகொண்டே, ஏதாவது ஆகிவிடுமோ என்று தினமும் இரண்டரை மணி நேரம் பதைபதைத்து உட்கார்ந்திருப்பது கொடுமையான வேலை. பாத்திரத்தை டமார் என்று வைக்கிறார் என்கிறாய். வேறு எப்படிச் சொல்வார்? வாயைத் திறந்து முடியாது என்றால், மருமகள் முன்னேறுவது பிடிக்கவில்லை என்று நீயும் உன் கணவரும் சேர்ந்து சொல்லிவிடுவீர்கள் என்ற பயம் இருக்கும்.

வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்று நம்புகிறவள் நான். அதில் எனக்குச் சமரசம் கிடையாது. உன் மாமியாரின் முட்டியை டாக்டரிடம் கடைசியாக எப்போது காட்டினீர்கள்? இதை உன் கணவரிடமும் கேட்கிறேன், அது அவர் அம்மா. இரண்டில் ஒன்றை விடு என்று மனைவிக்குச் சொல்லத் தெரிந்தவருக்கு, அம்மா மதியத்தில் என்ன செய்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லையா? சனிக்கிழமை அவர் எங்கே இருக்கிறார்? கடிதத்தில் அவருக்கு அந்த ஒரு வசனம்தான் இருக்கிறது.

நீ எதையும் விட வேண்டாம். இரண்டும் நல்ல காரியம். படிக்காமலே பலர் பலகை மாட்டிவிடுகிற ஊரில் நீ படிக்கப் போயிருக்கிறாய், அதை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டையும் இந்த வேகத்தில் செய்யக் கூடாது. முதலில் இன்று இரவே மாமியாரிடம் உட்கார்ந்து பேசு. நாளையிலிருந்து பிள்ளைகள் உங்கள் பொறுப்பு இல்லை என்று சொல். எட்டு மாதம் பார்த்ததற்கு ஒரு தொகையை அவர் கையில் கொடு. மாமியாருக்குச் சம்பளமா என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள், பேசட்டும். அவர் அந்தப் பணத்தைத் திரும்ப உன் மகன், மகள் பெயரிலேயே போட்டாலும் போடுவார், அது அவர் இஷ்டம். அதன் பிறகும் அவர் கதை சொல்ல, பாட்டுப் பாட பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தால் நாற்காலியைப் போட்டுக் கொடு.

அப்புறம் ஒரு ஆயாவை வை. நடமாட்டம் உள்ளவராக, முன்பு வேலை பார்த்த வீட்டில் விசாரித்து, போலீஸ் சரிபார்ப்பும் செய்து வை. வருமானம் குறையும். குறைந்தாலும் இது கட்டாயச் செலவு. அவர் கிடைக்கும்வரை மதியம் புத்தகத்தைத் தொடாதே. அவர் வந்த பிறகும் முதல் மாதம் கதவு திறந்தே இருக்கட்டும். பெற்றோர் எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லிவிடு: இதுவரை மதியத்தில் யார் பார்த்தார்கள், இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று. ஒன்றிரண்டு பேர் கோபப்பட்டுக் குழந்தையை நிறுத்திவிடலாம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, வாங்கிக்கொள். ஆறு நான்காகக் குறைந்தால் உனக்கும் நல்லதுதான். இதற்கு நடுவில் பெரிய பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்து ப்ளே ஸ்கூல் என்று விரிவுபடுத்தும் யோசனை இருந்தால் இப்போதைக்கு மூட்டை கட்டி வை. அதற்கு 2015-இல் தமிழக அரசு கொண்டுவந்த தனி விதிமுறைகள் உண்டு, உரிமம் வாங்க வேண்டும்.

பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடு, நாளைக்கே. பிள்ளைகள் இருக்கிற நேரத்தில் பக்கெட்டைக் கவிழ்த்து வை. வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் அந்த வீட்டுக் கூடத்துக்கே வர வேண்டாம். தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்ட கைக்குழந்தையை முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் தட்ட வேண்டும். இதை முதலுதவி தெரிந்தவர் முன்னால் நீயும் ஆயாவும் செய்து பழகுங்கள். படித்துத் தெரிந்துகொண்டால் கை வராது. பெற்றோர் நம்பர்களோடு ஆம்புலன்ஸ் எண் 108-ஐயும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் சுவரில் ஒட்டு.

படிப்புக்கு வா. உன் டிப்ளமோவை ஒரே வருடத்தில் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேர்வு ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. இந்த டிசம்பரை விட்டுவிடு. மடிப்பாக்கத்தில் இருக்கிறவளுக்கு டிசம்பர் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்திருப்பாய், 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பார்த்திருப்பாய். தெருவில் தண்ணீர் நின்று பெற்றோர் ஓஎம்ஆரில் மாட்டிக்கொள்கிற நாளில் நீ தேர்வு மையத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. ஜூனில் எழுது. அதுவரை கடைசிக் குழந்தை போன பிறகு, இரவு எட்டரையிலிருந்து பத்து வரை படி. அந்த நேரத்தில் சாப்பாடும் பாத்திரமும் உன் கணவர் பொறுப்பு. சனிக்கிழமை வகுப்பு இருக்கிற நாளில் டே கேருக்கு விடுமுறை என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. அந்த நாளில் கணவர் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகட்டும்.