அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்

கேள்வி: நான் காவல் துறையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. விசாரணைக்கு அழைத்து வந்த ஒருவரை என் சீனியர் சென்ற வாரம் அடித்துவிட்டார். ‘வழுக்கி விழுந்ததில் காயம்’ என்று எழுதி, என்னையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். ஒரு கலவரத்தில் என் உயிரைக் காப்பாற்றியவர் அவர். மறுத்தால் ‘காட்டிக்கொடுத்தவன்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். என்ன செய்வது?

பதில்: தம்பி, போடாதீர்கள். இன்று கையெழுத்துப் போட்டால் நாளை நீதிமன்றத்தில் அதே பொய்யைச் சொல்ல வேண்டிவரும். அப்புறம் அந்தக் குற்றம் உங்களுடையதும்தான்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆபத்தில் கூட நிற்பவரை நம்பித்தான் இந்த வேலையே நடக்கிறது. ஆனால் அவர் காப்பாற்றிய உயிருக்குக் கைம்மாறாக இந்தப் பொய்யைக் கேட்க அவருக்கு உரிமையில்லை.

2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், பிடிபட்ட ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவரின் கழுத்தில் ஒரு மூத்த காவல் அதிகாரி ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை அழுத்தியதில் அவர் இறந்துபோனார். உடனிருந்த மூன்று காவலர்களில் இருவர் வேலைக்குப் புதியவர்கள். அவர்களில் ஒருவர், “பக்கவாட்டில் திருப்பலாமா?” என்று கேட்கவும் செய்தார். மூத்தவர் மறுத்தபோது அவரைத் தடுக்கவில்லை. 2022இல் மூவருமே தண்டிக்கப்பட்டார்கள். கேட்டவரும் தப்பவில்லை. அன்று யாராவது அந்த மூத்தவரைப் பிடித்து இழுத்திருந்தால் ஃபிளாய்டு பிழைத்திருக்கக்கூடும், அந்த அதிகாரியும் கொலைக் குற்றவாளி ஆகியிருக்க மாட்டார். சக அதிகாரியின் கையைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் காவல் துறை பயிற்சி தருகிறது. நண்பனைக் காப்பாற்றும் வழி என்றே அங்கே அதைச் சொல்லித் தருகிறார்கள்.

சித்திரவதைக்கு மேலதிகாரியின் உத்தரவைச் சாக்காகச் சொல்ல முடியாது என்கிறது 1979இல் ஐ.நா. ஏற்ற காவலர் நடத்தை விதித்தொகுப்பு. விதிமீறலை மேலே தெரிவிக்கவும் சொல்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பார்த்ததைத் தேதி, நேரத்தோடு இன்றே எழுதி வையுங்கள். சீனியரைத் தனியே சந்தித்து, “இதில் கையெழுத்துப் போட மாட்டேன், கேட்டால் நடந்ததைத்தான் சொல்வேன்” என்று நேராகச் சொல்லுங்கள். உங்கள் துறையைச் சாராத ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, எழுத்துமூலம் மேலே புகார் கொடுங்கள். சிலர் பேச மாட்டார்கள், இடமாற்றமும் வரலாம். அது வலிக்கும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவருக்குச் சிகிச்சை கிடைத்ததா, மருத்துவர் காயத்தைப் பதிவு செய்தாரா? இல்லையென்றால் முதலில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.