பேக்கப் இரண்டு மணிக்கு, நகல் நாலு மணிக்கா? – கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேக்கப் ஜாபுக்கும் (தானாக ஓடும் பேக்கப் வேலை) ஆஃப்சைட் நகலுக்கும் (வேறிடத்தில் வைக்கும் பிரதி) நேரம் குறிப்பது பற்றியவை. டேட்டா எவ்வளவு, அப்லோடு வேகம் எவ்வளவு என்று எழுதாமல் "எத்தனை மணிக்கு வைக்கலாம்?" என்று மட்டும் கேட்ட கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன். ஜோசியம் எனக்குத் தெரியாது.

கே: 2 டெராபைட் டேட்டா. 100 எம்பிபிஎஸ் இணைப்பு. தினமும் இரவு ஃபுல் பேக்கப்பை ஆஃப்சைட்டுக்கு அனுப்ப முடியுமா?

முடியாது. 1 டெராபைட் போவதற்கே முழு வேகத்தில் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, பைட் அல்ல; எட்டால் வகுக்க வேண்டும். அந்த 100-ம் டவுன்லோடு வேகமாக இருந்தால் அப்லோடு அதில் ஒரு துண்டுதான். முதலில் அதை அளந்து பாருங்கள். முதல் ஃபுல்லை டிஸ்க்கில் போட்டு ஆள் மூலம் அனுப்புங்கள், அப்புறம் இன்கிரிமெண்டல், அதாவது புதிதாக மாறியது, மட்டும் லைனில் போகட்டும். தினமும் நூற்றுக்கு இரண்டு பங்கு மாறுகிறது என்றால் 40 ஜிபி. அப்லோடும் 100 என்றால் சுமார் ஒரு மணி நேரம்.

கே: பேக்கப் 2 மணிக்கு, ஆஃப்சைட் நகல் 4 மணிக்கு. சில நாள் ஆஃப்சைட்டில் ஃபைல் சிறியதாக இருக்கிறது. நகலை 5 மணிக்கு மாற்றிவிடட்டுமா?

மாற்றுங்கள். ஆறு மாதம் கழித்து "6 மணிக்கு மாற்றட்டுமா" என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

ஒரு ஜாபையும் அதை நம்பி ஓடும் இன்னொரு ஜாபையும் கடிகாரத்தால் கட்டாதீர்கள் என்று நான் எழுதுவது எத்தனையாவது முறை என்று எனக்கே மறந்துவிட்டது. "இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்பது ஜாபை அமைத்த அன்றைக்கு உண்மை. டேட்டா வளர்கிறது, டிஸ்க் நிரம்புகிறது, மாதக் கடைசியில் யாரோ ஒரு பெரிய ரிப்போர்ட்டை அதே இரவில் ஓட்டுகிறார்கள். ஒருநாள் பேக்கப் நாலேகாலுக்கு முடிகிறது. நகல் ஜாப் நாலு மணிக்கே வந்து, பாதி எழுதிய ஃபைலை அள்ளிக்கொண்டு போகிறது. அதைப் பொறுத்தவரை ஒரு ஃபைல் இருந்தது, எடுத்துப் போனது, வேலை முடிந்தது. பச்சை விளக்கு.

நானும் இதில் விழுந்தவன்தான். முன்பு நான் கவனித்துக்கொண்ட ஓரிடத்தில் டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸை ஒரு ஃபைலாக எழுதும் வேலை) ஒன்றரை மணி நேரம் ஓடும். அரை மணி இடைவெளி தாராளம் என்று நினைத்தேன். ஆஃப்சைட் மெஷினை மாற்றும்போது பழைய ஃபைல்களைச் சும்மா விரித்துப் பார்த்தால், சில மாதங்களாக வெளியே போனதெல்லாம் வால் அறுந்த ஜிஜிப் (சுருக்கிய ஃபைல்). ஒரு 'ஜிஜிப் டெஸ்ட்' ஓட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். உள்ளூர் நகல் நன்றாக இருந்ததால் மானம் தப்பியது.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டும் ஒரே மெஷினில் என்றால் ஒரே ஸ்கிரிப்டில் வைத்து && போடுங்கள்: முதலாவது ஒழுங்காக முடிந்தால் மட்டும் இரண்டாவது. பேக்கப் சாஃப்ட்வேர் என்றால் 'இந்த ஜாப் முடிந்த பிறகு' என்ற வசதி இருக்கிறதா பாருங்கள். இரண்டு மெஷின் என்றால், பேக்கப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றுங்கள். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே நொடியில் நடப்பது. பாதிப் பெயர் என்று ஒன்று கிடையாது. நகல் ஜாப் முடிந்த பெயர்களை மட்டும் தொடட்டும். நேற்றைய ஓட்டமே இன்னும் முடியாதபோது இன்றையது கிளம்பாமலிருக்க எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையைப் போடுங்கள். இப்படிக் கோர்த்தால் ஒரு சிக்கல் உண்டு: பேக்கப் தொங்கிவிட்டால் நகல் கிளம்பவே கிளம்பாது. அதற்கு மருந்து ஐந்தாவது பதிலில்.

கே: எங்களிடம் ரெய்டு (ஒரே டேட்டாவைப் பல டிஸ்க்கில் எழுதும் அமைப்பு) இருக்கிறது. பேக்கப் அவசியமா?

அவசியம். நீங்கள் தவறுதலாக அழித்ததை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் அதே கணத்தில் அழித்துத் தரும்.

கே: மாதத்தின் முதல் ஞாயிறு ஃபுல் பேக்கப் எடுக்க, கிரானில் (லினக்ஸில் நேரம் குறித்து வேலை ஓட்டும் வசதி) 0 3 1-7 * 0 என்று, அதாவது 3 மணி, தேதி 1-7, கிழமை ஞாயிறு என்று போட்டேன். கண்ட நாளில் எல்லாம் ஓடுகிறது. கிரானில் பிழையா?

கிரான் சொன்னபடிதான் செய்கிறது. தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால் அது 'இரண்டும் பொருந்தினால்' என்று பார்க்காது, 'ஏதாவது ஒன்று பொருந்தினால்' என்றே பார்க்கும். முதல் ஏழு நாளும் ஓடும், மிச்ச ஞாயிறுகளிலும் ஓடும். மாதத்துக்குப் பத்துப் பதினோரு ஃபுல். ஆஃப்சைட் லைன் ஏன் திணறுகிறது என்று கடிதத்தின் பின்பாதியில் கேட்டிருந்தீர்களே, அதற்கும் இதுவே பதில். கிழமை இடத்தில் * போட்டு, இன்று ஞாயிறா என்பதை ஸ்கிரிப்டுக்குள் பாருங்கள். கோடையில் மணியை மாற்றும் நாட்டில் சர்வர் இருந்தால் இன்னொன்று: இரவு 1 முதல் 3 வரை உள்ள நேரம் வருடத்தில் ஒருநாள் காணாமல் போகலாம், இன்னொரு நாள் இரண்டு முறை வரலாம். சர்வரை யுடிசியில் (மணி மாற்றம் இல்லாத உலகப் பொது நேரம்) வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

கே: தினமும் 'வெற்றி' மெயில் வந்து குவிகிறது. தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டேன். தோல்வி என்றால் மெயில் வரும்தானே?

வரும் என்று, புரோகிராம் கோடு சேமிக்கும் சேவை நடத்தும் கிட்லாப்காரர்களும் நினைத்தார்கள். 2017 ஜனவரி 31-ல் முக்கிய டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோதுதான் தெரிந்தது, டம்ப் ஜாப் சாஃப்ட்வேர் பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்தது என்றும், தோல்வி மெயில்களைப் பெறும் பக்கமே திருப்பி அனுப்பிவிட்டது என்றும். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து டேட்டாவின் பிரதி) கைகொடுத்தது.

மௌனம் சம்மதம் என்பது பேக்கப்புக்குப் பொருந்தாது. வெற்றி மெயிலை நிறுத்துங்கள். ஆஃப்சைட்டில் கடைசியாக வந்துசேர்ந்த நல்ல நகலுக்கு எத்தனை மணி நேர வயது என்பதை வேறொரு மெஷினிலிருந்து பார்க்க வையுங்கள். தினசரி ஜாபுக்கு 26 மணி தாண்டினால் அலறட்டும். ஜாப் தோற்றாலும், தொங்கினாலும், லைன் போனாலும் இந்த ஒரே மணி அடிக்கும்.

கே: ஆஃப்சைட் நகலை நேராக சர்வரிலிருந்து எடுக்கலாமா, பேக்கப்பிலிருந்தா?

பேக்கப்பிலிருந்து. சர்வரை எதற்கு இரண்டு முறை கசக்க வேண்டும்? ஆனால் முதல் நகல் கெட்டிருந்தால் கெட்டதுதான் வெளியேயும் போகும், ஆகவே ரீஸ்டோர் செய்து, அதாவது பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். பழைய இன்கிரிமெண்டலை ஃபுல்லோடு சேர்க்கும் வேலை ஓடும் நேரத்தில் நகல் ஜாப் அதே ஃபைல்களைப் படித்தால் இரண்டும் மோதும், அதையும் தள்ளி வையுங்கள். வீம் என்ற பேக்கப் சாஃப்ட்வேர் பயன்படுத்துபவர்கள் உடனடி நகல் முறையைத் தேர்ந்தெடுத்தால், ரீஸ்டோர் பாயிண்ட் (மீட்கத்தக்க பேக்கப்) தயாரானதும் நகல் தானாகவே கிளம்பும்.

கே: பேக்கப் சர்வர் அதே வளாகத்தில் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது. ஆஃப்சைட் என்று சொல்லலாமா?

சொல்லலாம், தீயிடம் எடுபடாது. 2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் ஒரு கட்டடம் முழுக்க எரிந்தது, பக்கத்துக் கட்டடமும் ஓரளவு சேதமானது. அதே இடத்திலேயே பேக்கப்பையும் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

கே: ஃபோல்டர் கிளவுடுடன் சிங்க் ஆகிறது. அது போதாதா?

ரெய்டு பதிலை மறுபடி படியுங்கள். ரான்சம்வேர் (பணம் பறிக்கும் வைரஸ்) பூட்டிய ஃபைலையும் சிங்க் அக்கறையாக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி இருந்தால் பாதி தப்பிக்கலாம். ஆப்ஜெக்ட் லாக் போட்ட இடத்துக்குப் பேக்கப் அனுப்புவதே நல்லது. குறித்த காலம் முடியும்வரை அதை அழிக்க முடியாது.

கே: லேப்டாப் இரவில் அணைந்திருக்கும். ஜாப் தவறிப்போகிறது.

லினக்ஸ் என்றால் சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' போடுங்கள். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில், தவறிய வேலையைச் சீக்கிரம் ஓட்டச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். அல்லது மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள்.

கே: மூன்று வருடமாக ஜாப் ஓடுகிறது, ரீஸ்டோர் செய்யத் தேவையே வரவில்லை. அதற்கும் அட்டவணையில் நேரம் ஒதுக்க வேண்டுமா?

வேண்டும். மாதம் ஒருமுறை, ஆஃப்சைட் நகலிலிருந்து, வேறு மெஷினில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. ஆழ்கிடங்கு வகை கிளவுடில் (அரிதாக எடுக்கும் ஃபைல்களுக்கான சேமிப்பு) வைத்திருந்தால் ஃபைல் கைக்கு வரவே 12 மணி நேரமும் ஆகலாம், 48 மணி நேரமும் ஆகலாம், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பேக்கப்பைப் பூட்டிய என்க்ரிப்ஷன் கீ எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் கடிதத்தின்படி அது பேக்கப் எடுக்கப்படும் அதே சர்வரில் மட்டும் இருக்கிறது. இன்றைக்கே ஒரு தாளில் அச்சடித்து வேறிடத்தில் வைத்துவிட்டு, மற்றதை அப்புறம் எழுதுங்கள்.